விசைத்தறி லைனில் ஆடியோ சிஸ்டம்: பவர் ரீஜெனரேட்டர் வாங்கலாமா, ஆன்லைன் யுபிஎஸ் போதுமா?

தறிவீதி (கேள்வி)

வணக்கமுங்க. வீடு சோமனூர் பக்கம், சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள். தறிகளுக்கும் வீடுகளுக்கும் ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர். தறி ஓடும் நேரத்தில் வீட்டில் 200 முதல் 210 வோல்ட். தறி நின்ற இரவுகளில் 252 வரை ஏறுகிறது.

சிஸ்டம் இதுதான்: சேனலுக்கு 100 வாட் (8 ஓம்) கிளாஸ் ஏபி பவர் ஆம்ப், உள்ளே 500 விஏ (வோல்ட்-ஆம்ப்பியர்) டொராய்டு (வளையக் கோர்) ட்ரான்ஸ்ஃபார்மர், பின்பக்கம் 400 வாட் என்று போட்டிருக்கிறது. 220 வோல்ட்டுக்குச் சுற்றிய இறக்குமதி வால்வ் ப்ரீஆம்ப். ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் உள்ள டர்ன்டேபிள். ஒரு டிஏசி (டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்கும் பெட்டி). டிவியின் செட்டாப் பாக்ஸும் ப்ரீஆம்பில்தான் சேருகிறது.

தொந்தரவுகள்: டொராய்டு சில நேரம் பெட்டிக்குள்ளேயே உறுமுகிறது, சில நேரம் சத்தமே இல்லை. செட்டாப் பாக்ஸ் சேர்ந்திருந்தால் ஸ்பீக்கரில் மெல்லிய ஹம். பகலில் பேஸ் தளர்ந்த மாதிரி கேட்கிறது. ரெக்கார்டின் சுருதி வோல்ட்டேஜோடு சேர்ந்து நகர்கிறதோ என்றும் ஒரு சந்தேகம்.

வெளிநாட்டு பவர் ரீஜெனரேட்டர் ஒன்று வைத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். விலை ஆம்ப் விலையைத் தாண்டுகிறது. 2 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் வைத்தால் அதே வேலை நடக்குமா? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்குமுங்க.

---

செப்புச்சுருள்

நீங்கள் சொன்ன நாலும் நாலு வேறு கோளாறுகள். ரீஜெனரேட்டர் இதில் ஒன்றைத் தீர்க்கும், இன்னொன்றைப் பெரும்பாலும் தீர்க்கும், மற்ற இரண்டைத் தொடவே தொடாது. அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வரும் ஏசியை டிசியாக்கி, கெப்பாசிட்டரில் தேக்கி, அந்த டிசியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைப் புதிதாக உண்டாக்கித் தருவதுதான் ரீஜெனரேஷன். உள்ளே இருப்பது 50 ஹெர்ட்ஸை மட்டும் பாடும் பெரிய ஆம்ப்ளிஃபையர். பிஎஸ் ஆடியோவின் பவர் பிளான்ட் வரிசை இந்த வழியில் பேர்போனது. ஆகவே வெளியே வரும் வோல்ட்டேஜ் ஆடாது, அலையின் வடிவம் சுத்தமாக இருக்கும், கரண்ட் கேட்டால் தயங்காமல் கொடுக்கும்.

வடிவம் ஏன் முக்கியம் என்றால், பழைய பாணி பவர் சப்ளை சைன் அலை முழுவதிலும் கரண்ட் இழுப்பதில்லை. உச்சியில் மட்டும், 10 மில்லிசெகண்ட் நீளமுள்ள ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் 2, 3 மில்லிசெகண்டுக்குள், கெப்பாசிட்டரை நிரப்பிவிட்டு ஒதுங்கிவிடும். தெருவில் உள்ள டிவி, எல்இடி பல்பு, கம்ப்யூட்டர் எல்லாமே அதே உச்சியிலிருந்துதான் எடுக்கின்றன. அதனால் உச்சி மழுங்கிப்போகும். மீட்டர் 230 காட்டும், உச்சி 325 இருக்க வேண்டிய இடத்தில் 310 இருக்கும். உங்கள் ஆம்பின் உள் வோல்ட்டேஜை நிர்ணயிப்பது அந்த 310தான். பீக் ஹோல்ட் உள்ள ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் கிடைத்தால் உச்சியையும் ஆர்எம்எஸ்ஸையும் (மீட்டர் வழக்கமாகக் காட்டும் வோல்ட்டேஜ்) அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். 1.41 வந்தால் நல்ல லைன், 1.35 வந்தால் உச்சி தட்டை.

இனி உங்கள் பட்டியல். பகலில் பேஸ் தளர்வதற்கு ஓரளவு உண்மையான காரணம் உண்டு. 230க்குப் பதில் 205 வந்தால் ஆம்பின் உச்ச வெளியீடு வோல்ட்டேஜின் இருமடிக் கணக்கில் விழும், 100 வாட் சுமார் 79 வாட் ஆகும். கேட்கும் அளவில் அது 1 டெசிபல்தான். சத்தம் அதிகம் வைக்கும்போது மட்டும் கிளிப் ஆவது சற்று முன்னால் வரும். மெதுவாகக் கேட்கும்போது எந்த மாற்றமும் இருக்காது, ஏனெனில் ஆம்பின் கெயினைத் தீர்மானிப்பது ஃபீட்பேக், லைன் வோல்ட்டேஜ் அல்ல.

உங்கள் சிஸ்டத்தில் நான் உண்மையிலேயே கவலைப்படுவது வால்வ் ப்ரீஆம்பைப் பற்றி. 220 வோல்ட்டில் ஹீட்டருக்கு 6.3 தரும் சுற்று, 252 வந்தால் 7.2 தரும். 10 சதவீத எல்லையே 6.93தான். எச்டி (வால்வ் இயங்கும் உயர்) வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். ஹீட்டருக்குத் தனி ரெகுலேட்டர் இல்லாத மாடலென்றால் வால்வின் ஆயுள் குறைந்துகொண்டே இருக்கிறது. ரீஜெனரேட்டரோ யுபிஎஸ்ஸோ வரும்வரை இரவு 240ஐத் தாண்டினால் அதை ஆன் செய்யாதீர்கள்.

டர்ன்டேபிள் சந்தேகத்தை விட்டுவிடலாம். சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் ஃப்ரீக்வென்சியைப் பிடித்துப் போகும், வோல்ட்டேஜைப் பிடித்து அல்ல. 24 போல் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 250 சுற்று, 200 வோல்ட்டிலும் அதேதான். நம் கிரிட்டுக்கு விதித்த வரம்பு 49.90 முதல் 50.05 வரை. 49.90க்கு இறங்கினாலும் வேகம் 0.2 சதவீதம் குறையும், சுருதியில் ஓர் அரைஸ்வரத்தின் நூறில் மூன்றரைப் பங்கு. சுருதி உண்மையாகவே நகர்ந்தால் பெல்ட்டையும் பேரிங் எண்ணெயையும் பாருங்கள்.

செட்டாப் பாக்ஸ் ஹம் எர்த் லூப். கேபிளின் ஷீல்டு தெருவில் எங்கோ எர்த் ஆகியிருக்கும், உங்கள் ஆம்ப் வீட்டு எர்த்தில் இருக்கும், இரண்டுக்கும் நடுவே ஓடும் கரண்ட் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு வழியே போகிறது. எவ்வளவு விலை கொடுத்து ரீஜெனரேட்டர் வாங்கினாலும் இது போகாது. பாக்ஸிலிருந்து ஆப்டிகல் கேபிள் எடுத்து டிஏசியில் கொடுங்கள், அத்தோடு தீர்ந்தது. ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள். உள்ளே ஒரு ஒயர் பெட்டியைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து.

---

சால்டர்புகை

டொராய்டு உறுமல் பற்றி நான் சொல்கிறேன். அவ்வப்போது வந்து போவதால் லைனில் டிசி கலக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். டொராய்டின் கோரில் காற்று இடைவெளி இல்லை, பிரைமரி ரெசிஸ்டன்ஸும் மிகக் குறைவு. ஆகவே அரை வோல்ட் டிசி போதும், கோர் ஒரு பக்கமாக சாச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி) உறுமும். டிசி எங்கிருந்து வருகிறது? அரை அலை மட்டும் இழுக்கும் சாமான்கள்: லோ ஸ்பீடில் ஒரே ஒரு டையோடு வைத்த ஹேர் டிரையர், ஹீட் கன், கெட்டுப்போன ஃபேன் ரெகுலேட்டர். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் அதே ஃபேஸில் பக்கத்து வீட்டில் இருக்கலாம்.

மீட்டரை டிசியில் வைத்து நேராக லைனில் குத்தினால் வரும் அளவு நம்பகமில்லை. ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு 220 கிலோ ஓம் 1 வாட் ரெசிஸ்டர். அவற்றின் மறுமுனைகளுக்கு நடுவே 4.7 மைக்ரோஃபாரட் 275 வோல்ட் ஏசி எக்ஸ்2 (மெயின்ஸில் குறுக்கே போடத் தகுந்த வகை) கெப்பாசிட்டர். அந்தக் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே மீட்டர், டிசி வோல்ட் ரேஞ்ச். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் போடக்கூடாது. மொத்தத்தையும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மீட்டரின் முனைகளைப் பொருத்திய பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். பத்துப் பதினைந்து செகண்டில் அளவு நிலைக்கும்.

அரை வோல்ட்டைத் தாண்டினால் டிசி பிளாக்கர் போதும். செய்முறை: 10,000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டு, மைனஸும் மைனஸும் சேர்த்துத் தொடராக. அந்த ஜோடிக்குக் குறுக்கே 35 ஆம்ப்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஏசி கால்கள் இரண்டும் ஜோடியின் இரு முனைகளில், பிளஸ் காலும் மைனஸ் காலும் ஒன்றோடொன்று ஷார்ட். இதனால் இரு திசையிலும் இரண்டு டையோடு டிராப் கிடைக்கும். அந்த அளவுக்குள் வரும் டிசி கெப்பாசிட்டரில் நின்றுவிடும், அதைத் தாண்டிய கரண்ட் டையோடு வழியே போகும். மொத்தமும் ஃபேஸ் ஒயரில், எம்சிபிக்கு (கரண்ட் அளவு மீறினால் விழும் ஸ்விட்ச்) பின்னால். எர்த் ஒயர் எங்கும் வெட்டுப்படாமல் நேராகப் போக வேண்டும். எர்த் செய்த உலோகப் பெட்டி கட்டாயம்.

ஜோடியின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 5,000, அது 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.64 ஓம். லோடு 1 ஆம்ப்பியர் என்றால் குறுக்கே உச்ச வோல்ட்டேஜ் 0.9, டையோடு தூங்கும், பிளாக்கர் வேலை செய்யும். 3 ஆம்ப்பியர் போனால் 2.7, டையோடு திறந்துவிடும், டிசியும் உள்ளே புகும். பெரிய கிளாஸ் ஏ ஆம்புக்கு இதே சர்க்யூட்டைப் போட்டுவிட்டுப் பலனில்லை என்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இடத்திலும் இரண்டு மூன்று இணையாக வேண்டும். உங்கள் ஆம்ப் வழக்கமான சத்தத்தில் 1 ஆம்ப்பியரைத் தொடாது, ஒரு ஜோடி போதும்.

சர்க்யூட் முழுவதும் 230 வோல்ட்டில் மிதக்கிறது. மெயின்ஸ் வேலை பழகாதவர் செய்ய வேண்டாம்.

---

பைபாஸ்_ஸ்விட்ச்

ஆன்லைன் யுபிஎஸ் கேள்விக்கு வருகிறேன். டபுள் கன்வர்ஷன் யுபிஎஸ்ஸும் ரீஜெனரேட்டரும் ஒரே தத்துவம். ஆனால் கடையில் ‘சைன் வேவ்’ என்று விற்பதெல்லாம் டபுள் கன்வர்ஷன் இல்லை. ஆஃப்லைன், லைன் இன்டராக்டிவ் இரண்டும் கரண்ட் இருக்கும்போது தெரு லைனை அப்படியே கடத்திவிடும், அதிகம் போனால் ட்ரான்ஸ்ஃபார்மர் டேப்பை மாற்றும். வீட்டு இன்வெர்ட்டரும் அப்படியே. கேட்டலாகில் ‘ஆன்லைன் டபுள் கன்வர்ஷன்’ என்று இருக்க வேண்டும், டிரான்ஸ்ஃபர் டைம் பூஜ்யம் என்று இருக்க வேண்டும்.

அளவு கணக்கு: ஆம்ப் 400 வாட், பவர் ஃபேக்டர் (வாட்டுக்கும் விஏவுக்கும் உள்ள விகிதம்) 0.65 என்றால் 615 விஏ. மற்றவை சேர்த்து 690 என்று வையுங்கள், அதாவது 3 ஆம்ப்பியர். ஆனால் இழுப்பு உச்சியில் மட்டும் என்பதால் பல்ஸின் உயரம் 9 ஆம்ப்பியர் வரை போகும். கிரெஸ்ட் ஃபேக்டர் (உச்சிக்கும் ஆர்எம்எஸ்ஸுக்கும் உள்ள விகிதம்) 3:1 உள்ள 1 கேவிஏ யுபிஎஸ் 13 ஆம்ப்பியர் உச்சி தரும், காகிதத்தில் போதும். ஆன் செய்யும் கணத்தில்தான் சிக்கல். 500 விஏ டொராய்டு முதல் அரைச் சுழற்சியில் பல பத்து ஆம்ப்பியர் இழுக்கும், யுபிஎஸ் ஓவர்லோடு என்று கத்திவிட்டு பைபாஸுக்கு (தெரு லைனை நேராகக் கடத்தும் வழி) தாவும். சிலது திரும்பி வராமல் பைபாஸிலேயே நிற்கும், கேட்பவர் தெரு கரண்டைக் கேட்டுக்கொண்டு ரீஜெனரேஷன் என்று நம்பியிருப்பார். ஆகவே 2 கேவிஏ, கூடவே ஆம்புக்கு சாஃப்ட் ஸ்டார்ட் (தொடக்க கரண்டை அடக்கும் சுற்று): 150 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் மூன்று இணையாக, 50 ஓம் ஆகும், தொடக்க கரண்ட் ஆர்எம்எஸ் கணக்கில் 4.6 ஆம்ப்பியருக்குள் அடங்கும். கால் செகண்டுக்குள் ரிலே அதை ஷார்ட் செய்துவிட வேண்டும். ரிலே ஒட்டாமல் போனால் ரெசிஸ்டர் கருகும், அதோடு தொடராக ஒரு தெர்மல் ஃப்யூஸ் வையுங்கள்.

செட்டிங்கில் ஈகோ மோடை அணையுங்கள். அது ஓடினால் யுபிஎஸ் நிரந்தரமாக பைபாஸில் இருக்கும். வெளியீட்டை 230க்கு வையுங்கள், ப்ரீஆம்ப் 220க்குச் சுற்றியது என்பதால் 220 தெரிவு இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண மோடில் யுபிஎஸ்ஸின் ஃப்ரீக்வென்சி லைனோடு பூட்டியிருக்கும். சுத்தமான 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டர் மோடு போட வேண்டும், அதில் பைபாஸ் கிடையாது, பல மாடல்களில் தாங்கும் லோடும் குறையும்.

குறைகளும் உண்டு, மறைக்க முடியாது. முதலில் ஃபேன் சத்தம். கேட்கும் அறைக்குள் வைக்க முடியாது, பக்கத்து அறையில் வைத்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்துவிடுங்கள். அடுத்து, ஹை ஃப்ரீக்வென்சி ஸ்விட்சிங் குப்பை. ஃபோனோ ஸ்டேஜையும் (ரெக்கார்டின் சிறு சிக்னலைப் பெருக்குவது) ஆர்சிஏ கேபிளையும் யுபிஎஸ்ஸிலிருந்து தள்ளி வையுங்கள், ஏஎம் ரேடியோ ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோனால் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று உடனே தெரியும். மூன்றாவதாக, 1 முதல் 3 கேவிஏ வரை உள்ளவை பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை, உள்ளே வரும் நியூட்ரலே வெளியே போகிறது. தெரு நியூட்ரலில் உள்ள அழுக்கு அப்படியே வந்துசேரும். ஆடியோவுக்கென்று செய்த ரீஜெனரேட்டர் ஃபேனில்லாமலோ மெல்லிய ஃபேனோடோ ஓடுவதிலும், வெளியீட்டு இம்பீடன்ஸ் குறைவாக இருப்பதிலும் முந்துகிறது. விலை வித்தியாசம் அதற்குத்தான். அதில் பேட்டரி இல்லை என்பதையும் கவனியுங்கள், கரண்ட் போனால் அதுவும் போகும்.

---

டெசிபல்_தராசு

வாங்கிய பிறகு பலன் இருக்கிறதா என்று காதை மட்டும் நம்பாமல் பார்க்க ஒரு வழி. ஆம்ப் வெளியீட்டில் 10 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் தொடராக வைத்து, 1 கிலோ ஓமின் குறுக்கே யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். லேப்டாப் பேட்டரியில் ஓட வேண்டும், சார்ஜர் இருந்தால் புதிதாக ஒரு எர்த் லூப் உண்டாகும். ஆம்ப் பிரிட்ஜ் வகை என்றால் ஸ்பீக்கரின் மைனஸ் முனையை எதோடும் சேர்க்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆர்இடபிள்யூ (REW) மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் திறந்து, முதலில் இன்புட்டை ஷார்ட் செய்து 50, 100, 150 ஹெர்ட்ஸ் முனைகளின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1 கிலோ ஹெர்ட்ஸ் டோனை 2.83 வோல்ட் வெளியீட்டில் ஓட்டி 900, 1100 ஹெர்ட்ஸில் பக்க முனைகள் முளைக்கின்றனவா பாருங்கள். நேர் லைனில் ஒரு தடவை, யுபிஎஸ்ஸில் ஒரு தடவை.

நல்ல சாலிட் ஸ்டேட் பவர் ஆம்பில் இரண்டு படமும் ஒன்றாகவே வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். சப்ளை அழுக்கை உள்ளே விடாமல் தடுப்பது ஆம்பின் சொந்த வேலை. வித்தியாசம் வருவது ரெகுலேஷன் இல்லாத வால்வ் சர்க்யூட்டிலும் எளிய ஃபோனோ ஸ்டேஜிலும்தான். அதனால் பைபாஸ்_ஸ்விட்ச் சொன்ன 2 கேவிஏவோடு உடன்பட மாட்டேன். பவர் ஆம்பை நேர் லைனில் விட்டு, ப்ரீஆம்ப், டிஏசி, டர்ன்டேபிள் மூன்றுக்கு மட்டும் 1 கேவிஏ வைத்தால் போதும். லோடு 100 விஏகூட வராது, சாஃப்ட் ஸ்டார்ட் தேவையில்லை.

---

தறிவீதி

நன்றிங்க எல்லாருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து அளந்தாச்சு. டிசி சாதாரணமாக 0.2 வோல்ட், உறுமும் நேரத்தில் 0.9. பீக் கணக்கு மாலையில் 308க்கு 228, அதாவது 1.35. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பகலில் 7 வோல்ட். ஆடியோ சாக்கெட்டுக்கு டிபியிலிருந்து (வீட்டின் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) சுமார் 15 மீட்டர், ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர், ஃப்ரிட்ஜும் அதே லைனில். செட்டாப் பாக்ஸை ஆப்டிகலில் மாற்றியதும் ஹம் போய்விட்டது. நியூட்ரலை எர்த்தோடு சேர்த்துவிட்டால் அந்த 7 வோல்ட் போய்விடுமே என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

---

செப்புச்சுருள்

செய்யவே கூடாது. நியூட்ரல் எர்த் ஆவது தெரு ட்ரான்ஸ்ஃபார்மரில். வீட்டுக்குள் சேர்த்தால் தறிகளின் நியூட்ரல் கரண்ட் உங்கள் எர்த் குழி வழியே இறங்கும், ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஸ்விட்ச்) விழும், தெருவில் நியூட்ரல் அறுந்தால் உங்கள் ஆம்பின் பெட்டி, ஃப்ரிட்ஜின் கதவு எல்லாம் ஷாக் அடிக்கும்.

7 வோல்ட்டுக்கு இரண்டு காரணம் இருக்கலாம்: நியூட்ரலில் எங்கோ தளர்ந்த இணைப்பு, அல்லது காய்ந்துபோன எர்த் குழி. மெயின் ஸ்விட்ச், மீட்டர், டிபி இந்த மூன்று இடத்திலும் நியூட்ரல் ஸ்க்ரூவை, மீட்டருக்கு முன்னால் உள்ளதை மின்வாரிய ஆளைக் கொண்டு, முறுக்கிப் பாருங்கள். கருகிய நிறம் தெரிந்தால் முனையை வெட்டி லக் போட்டுப் புதிதாகக் கட்டுங்கள். எர்த் பைப்பின் கிளாம்ப் துருவைச் சுரண்டி, குழிக்குத் தண்ணீர் ஊற்றி, எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வருகிறதா பார்க்கச் சொல்லுங்கள். 2, 3 வோல்ட்டுக்குள் இறங்கினால் போதும்.

அடுத்து, ஃப்ரிட்ஜைப் பிரித்து ஆடியோவுக்கு டிபியிலிருந்து தனி லைன்: 4 சதுர மில்லிமீட்டர் செப்பு, 16 ஆம்ப்பியர் சி கர்வ் எம்சிபி. போக வர 30 மீட்டருக்கு இப்போதைய ஒயர் 0.4 ஓம், புதியது 0.15. 9 ஆம்ப்பியர் பல்ஸில் 3.6 வோல்ட் இழப்பு 1.4க்கு இறங்கும். வீடு த்ரீ ஃபேஸ் என்றால் போர் மோட்டாரும் ஏசியும் இல்லாத ஃபேஸில் இந்த லைனைப் போடுங்கள்.

0.9 வோல்ட் டிசிக்கு சால்டர்புகை சொன்ன பிளாக்கர், பவர் ஆம்புக்கு மட்டும். முன்பகுதிக்கு 1 கேவிஏ என்ற டெசிபல்_தராசின் கணக்கே இந்த வீட்டுக்குப் பொருந்தும். பவர் ஆம்பைத் திறந்து ஃபில்டர் கெப்பாசிட்டரின் வோல்ட் எல்லையை மட்டும் பார்த்துவிடுங்கள். லைன் 252 வரும்போது உள் வோல்ட்டேஜ் 10 சதவீதம் கூடும். 55 வோல்ட் ரெயிலுக்கு (ஆம்பின் உள் டிசி) 63 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்தால் தாங்கும். இடைவெளி அதைவிடக் குறைவென்றால் ஆம்புக்கும் சர்வோ ஸ்டெபிலைசர் வேண்டும்.

---

பைபாஸ்_ஸ்விட்ச்

சரி, 1 கேவிஏ என்றே வைத்துக்கொள்வோம். சப்ளையை இரண்டாகப் பிரித்தால் எர்த்தை ஒன்றாக வையுங்கள். யுபிஎஸ்ஸின் இன்புட் ப்ளக்கும் பவர் ஆம்பின் ப்ளக்கும் ஒரே சுவர்ப் பெட்டியில் அடுத்தடுத்த சாக்கெட்டில் இருக்கட்டும். வேறு அறையின் லைனிலிருந்து யுபிஎஸ்ஸுக்கு எடுத்தால் போன ஹம் திரும்பி வரும். யுபிஎஸ்ஸைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோவதென்றாலும் அதன் இன்புட்டை இந்தப் பெட்டியிலிருந்தே எடுத்து, வெளியீட்டை இங்கேயே திருப்பிக் கொண்டுவாருங்கள், எர்த் ஒயரும் கூடவே வர வேண்டும்.

வாங்கி மாட்டும்போது ஃபேஸும் நியூட்ரலும் மாறாமல் இருக்கிறதா என்று சாக்கெட்டில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஆர்சிசிபி 30 மில்லிஆம்ப்பியர் ஏ டைப்பாக இருக்கட்டும். யுபிஎஸ், டிஏசி, டிவி ஒவ்வொன்றின் ஃபில்டரும் ஓரிரு மில்லிஆம்ப்பியரை எர்த்துக்கு விடும், ஒரே ஆர்சிசிபியில் எல்லாம் சேர்ந்தால் காரணம் தெரியாமல் விழும். ஆடியோ லைனுக்குத் தனி ஆர்சிசிபி கொடுத்துவிட்டால் அந்தக் குழப்பமும் இருக்காது.

1 கேவிஏவில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி மூன்று தொடராக இருக்கும். ஒன்று கெட்டால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்தால் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே உப்பிவிடும்.